நான்காவது கை இல்லாத 28 ஆட்டம்: எங்கள் வீட்டுச் சீட்டுப் பித்துக்கு ஒரு வழி சொல்லுங்கள்

பதிவு 1: கானாடுகாத்தான் பேரன்

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் சீட்டாட்டத்தோடு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைக் கேட்கிறேன்.

எங்கள் ஐயாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, வயது 86. அவருக்குச் சர்க்கரை உண்டு, காது மந்தம், முழங்கால் மடங்காது. ஆனாலும் மாலை நான்கு மணிக்கு முகப்புத் திண்ணையில் ஜமக்காளம் விரித்துவிட்டால் இரவு விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். ஆட்டம் எப்போதும் 28 தான். எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. ஆளுக்கொரு சீட்டாக நால்வரும் இறக்குவது ஒரு பிடி. அதிகப் புள்ளி எடுப்பதாகக் கேள்வி கேட்டவர், மற்ற இனங்களை வெட்டும் துருப்பு இனத்துச் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். காசு வைத்து ஒரு நாளும் ஆடியதில்லை. ஐயாவும், அப்பாவின் அண்ணனான பெரியப்பச்சியும், பக்கத்து வளவுப் பங்காளி ஐயாவும், ஐயாவுக்கு மைத்துனர் முறையாகும் ஒரு பெரியவருமாக நான்கு பேர் இருந்தார்கள். அந்த மைத்துனர்தான் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஐயாவின் எதிர்க்கை, எதிரே உட்காரும் கூட்டாளி. கடந்த ஆடி மாதம் அவர் காலமானார். அன்று முதல் ஜமக்காளம் சுருட்டியபடியே இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பித்து எந்த அளவு என்று சொன்னால்தான் என் கவலை உங்களுக்குப் புரியும். என் அத்தையின் கல்யாணத்தில், தாய்மாமன் சீரான மாமவேவு இறக்குவதற்கு அவருடைய அம்மானைத் தேடி வீடு முழுவதும் ஆள் ஓடியது. அம்மான் மாடி மேங்கோப்பில் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்தாவது பிடியில் இருந்தார். கேட்டவர் பாதியில் எழுந்தால் கேள்வி தோற்றதாகிவிடும் என்பதால், மீதி மூன்று பிடியையும் ஆடி முடித்து, 17 கேட்டு 18 எடுத்த பிறகே படியிறங்கி வந்தார். நாகசுரக்காரர் அதுவரை ஒரே ராகத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மான்தான் இப்போது காலமான மைத்துனர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐயாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, நினைவைச் சோதிக்க வந்த மருத்துவர் இன்று என்ன கிழமை என்று கேட்டார். ஐயாவால் சொல்ல முடியவில்லை. எந்த மாதம் என்று கேட்டதற்கும் தவறாகவே சொன்னார். கடைசியாக வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டதும், முந்தின நாள் ஆடிய கடைசிக் கையின் எட்டுப் பிடிகளையும், யார் எதை இறக்கினார் என்பது உட்பட, முப்பத்திரண்டு சீட்டையும் வரிசை மாறாமல் சொன்னார். பெரியப்பச்சி அருகில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையசைத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சீட்டுக்கட்டில் கிளாவர் எட்டு பல ஆண்டுகளுக்கு முன்பே காணாமல் போய்விட்டது. புதுக்கட்டு வாங்க ஐயா சம்மதிக்கவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை அளவாக வெட்டி, அதில் கிளாவர் எட்டை வரைந்து சேர்த்துக்கொண்டார்கள். அதன் பின்புறம் மஞ்சளாக இருப்பதால் அது யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், பின்புறத்தைப் பார்த்ததை வைத்து எவரும் ஆடக்கூடாது, அதைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் அறிந்த வரை அதை ஒருவரும் மீறியதில்லை.

இப்போது ஐயா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் சென்னையிலிருந்து மாதம் ஒரு முறை பல்லவன் ரயிலில் வருகிறேன். வரும் இரண்டு நாளும் நான்காவது கையாக உட்காருகிறேன். மற்ற 28 நாட்களுக்கு என்ன செய்வது? எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள். காரைக்குடி வரை கேட்டும் ஆள் கிடைக்கவில்லை.

பதிவு 2: புதுவயல் கணக்கு வாத்தியார்

தம்பிக்கு வணக்கம். மூன்று பேர் ஆடும் 28 ஒன்று இருக்கிறது, அதை முதலில் முயன்று பாருங்கள். நான்கு பேர் ஆட்டத்தில் ஒவ்வோர் இனத்திலும் ஏழு முதல் ஆஸ் வரை எட்டுச் சீட்டு, ஆக 32. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என இனத்துக்கு ஏழு புள்ளி, நான்கு இனத்துக்கும் 28. ராஜா, ராணி, எட்டு, ஏழு ஆகியவற்றுக்குப் புள்ளி கிடையாது, இவை பத்துக்கும் கீழே. எனவே ஏழுகளையும் எட்டுகளையும் எடுத்துவிட்டால் 24 சீட்டு மிஞ்சும், மூவருக்கும் எட்டெட்டு வரும், மொத்தப் புள்ளி 28 ஆகவே நிற்கும். உங்கள் பத்திரிகை அட்டை எட்டும் வெளியே போய்விடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்பது முதல் நான்கு சீட்டைப் பார்த்துத்தான். 32 சீட்டில் அந்த நான்கில் குறைந்தது ஒரு ஜாக்கியாவது வருவது நூற்றுக்கு 43 முறை. 24 சீட்டில் அது 54 ஆகிவிடும். ஆகவே மூவர் ஆட்டத்தில் எல்லோருக்கும் துணிச்சல் கூடும், கேள்வி தானாக ஏறும். பழைய ஆட்டக்காரர்களுக்கு இது முதலில் கை கூசும்.

பதிவு 3: கானாடுகாத்தான் பேரன்

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. நீங்கள் எழுதியதை ஐயாவிடம் காது அருகே படித்துக் காட்டினேன். கணக்கை ஒப்புக்கொண்டார், ஆட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்க்கை இல்லாமல் ஆடுவது தனக்குத் தானே கடிதம் எழுதிக்கொள்வது போல என்றார். 28-இல் பேசக்கூடாது, சைகை கூடாது, எதிரே இருப்பவர் எந்தச் சீட்டை இறக்குகிறார் என்பதைக் கொண்டுதான் அவர் கையில் என்ன மிச்சம் என்று அறிய வேண்டும் என்பதும், அப்படி ஒருவரை 40 ஆண்டு படித்தவருக்கு அந்த இடத்தை எடுத்துவிட்டு ஆடச் சொன்னால் மனம் ஒப்பாது என்பதும் எனக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

பதிவு 4: சிங்கப்பூர் வாசி

கைப்பேசியில் 28 ஆடும் செயலிகள் இருக்கின்றன. இங்கிருந்து நானே தினமும் ஒரு மணி நேரம் நான்காவது கையாக வர முடியும். பெரிய திரை உள்ள ஒரு கருவியை வாங்கி வைத்துவிட்டால் போதும்.

பதிவு 5: பள்ளத்தூர் தகப்பன்

சிங்கப்பூர் அன்பர் நல்ல மனத்தோடு சொல்கிறார். ஆனாலும் என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகன் கைப்பேசியில் ரம்மி ஆடத் தொடங்கி, இரண்டே ஆண்டில் தன் சேமிப்பையும் என் சேமிப்பில் ஒரு பகுதியையும் இழந்தான். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவன் எனக்கு எடுத்துக் காட்டுவான். 2022-இல் தமிழ்நாடு அரசு இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றாலும் ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் போக வேண்டியது போய்விட்டது.

அதே மகன் சிறுவனாக இருந்தபோது என் அப்பாவான அப்பச்சியோடு திண்ணையில் உட்கார்ந்து கழுதை ஆடியவன். தோற்றவர் கழுதை போலக் கத்த வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். முகம் தெரிந்த நான்கு பேர் நடுவில் ஆடும்போது, போதும் எழுந்திரு என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். திரையில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. பணம் இல்லாத செயலியாக இருந்தாலும் அந்தப் பெரியவரைத் திரைக்குப் பழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 6: தேவகோட்டை ஆச்சி

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான்கு ஆண்களின் உறவு முறையெல்லாம் சொன்னீர்கள், அந்த 40 ஆண்டும் அவர்களுக்குக் காப்பியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தவர் யார் என்று சொல்லவில்லை.

என் மாமியார் வீட்டிலும் இதே பித்துதான். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருடத்தில், சீட்டு நடக்கும் நாளில் நான்கு முறை காப்பி, ஒரு முறை வெள்ளைப் பணியாரம், வந்தவர் தங்கிவிட்டால் இரவுச் சாப்பாடு. முகப்புக்கும் அடுப்படிக்கும் நடுவே வளவும் இரண்டாம் கட்டும் இருக்கின்றன. நான் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், போக வர இருநூற்றுச் சொச்சம் அடி. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மதியம் ஆண்கள் உறங்கும் நேரத்தில் நாங்களும் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து ரம்மி ஆடினோம். எங்கள் சீட்டுக்கட்டு வேறு, அதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தோம். ஐந்து மருமகள்களில் மூத்த அண்ணமிண்டிக்கு இணையான ஆட்டக்காரரை நான் முகப்பில் கண்டதில்லை.

உங்கள் ஐயாவுக்கு நான்காவது கை வேண்டும் என்று காரைக்குடி வரை தேடுகிறீர்கள். அடுப்படியில் கேட்டீர்களா?

பதிவு 7: செட்டியார் தெருப் பேத்தி

எங்கள் குடும்பம் கொழும்புச் செட்டியார் தெருவில் கொடுக்கல் வாங்கல் நடத்தியது. அங்கிருந்து ஐயா கொண்டுவந்தவை ஒரு மரப்பெட்டியும் 304 ஆட்டமும். யாழ்ப்பாணத்தில் மிகவும் பிரியமாக ஆடப்படுவது அது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என இனத்துக்கு 76, நான்குக்கும் 304. கேரளத்தில் ஆறு பேர் இரண்டு கட்டு வைத்து ஆடும் 56-உம் இதே குடும்பம்தான். அங்கே தோற்றவர் காதில் குணுக்கு மாட்டி உட்கார வைக்கும் வழக்கம் உண்டு.

ராஜாவையும் ராணியையும் விட ஜாக்கியும் ஒன்பதும் பெரியவை என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சிறு வயதில் விந்தையாக இருந்தது. பின்னால் பார்த்தால், ஒல்லாந்தில் (நெதர்லாந்தில்) ஆடும் ஓர் ஆட்டத்திலும் துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும்தான் ஆஸுக்கு மேலே நிற்கின்றன. நாம் கிளாவர் என்று சொல்வதும் ஒல்லாந்துச் சொல்லே. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது, இலங்கைக் கரையும் நெடுங்காலம் அவர்களிடம் இருந்தது. கப்பல் வழியாக வந்த ஆட்டத்தைக் கப்பல் வணிகம் செய்தவர்கள் விரும்பி ஆடியதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. தம்பி, ஆச்சி கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நானும் காத்திருக்கிறேன்.

பதிவு 8: கானாடுகாத்தான் பேரன்

ஆச்சி அவர்களுக்கு, நீங்கள் கேட்டது என்னைச் சுட்டது. அது சரியான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெற்ற ஆத்தாவிடம் நேராகவே கேட்டேன்.

எங்கள் வளவிலிருந்து முகப்புக்குப் போகும் நிலைக்கதவுக்கு அருகில் ஒரு தூண் இருக்கிறது. காப்பி கொடுத்த பிறகு காலி டம்ளருக்காக ஆத்தா அந்தத் தூணருகே நிற்பார். அங்கிருந்து பெரியப்பச்சியின் கையும் பாதி ஜமக்காளமும் தெரியும். 38 ஆண்டுகள் அப்படி நின்றிருக்கிறார். எனக்கு 28-இன் ஒழுங்குகளை ஒன்று விடாமல் சொன்னார். சென்ற தை மாதம் ஐயா 21 கேட்டுத் தோற்ற ஆட்டத்தில், மூன்றாவது பிடியில் இஸ்பேட் ஆஸை இறக்காமல் வைத்திருந்தால் வென்றிருப்பார் என்றும் சொன்னார். நான் போய் ஐயாவிடம் கேட்டேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு, ஆமாம் என்றார்.

ஆனால் ஆத்தா உட்கார மறுக்கிறார், இரண்டு காரணங்களுக்காக. மாமனாருக்கு நேர் எதிரே சமமாகச் சம்மணமிட்டு உட்காருவதற்கு மனம் வரவில்லை என்பது ஒன்று. முகப்பில் ஆடும் ஆட்டம் பிழையான ஆட்டம் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் ஆத்தா அழுத்திச் சொன்னார்.

பிழை இதுதான். இறக்கிய இனம் தன் கையில் இல்லாதவர், கவிழ்த்து வைத்த துருப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் வீட்டில், திறக்கச் சொன்னவர் துருப்பைப் பார்த்துவிட்டு விரும்பினால் துருப்பால் வெட்டலாம், விரும்பாவிட்டால் வேறு எதையாவது கழிக்கலாம். துருப்பைத் திறக்கச் சொன்னவர் கையில் துருப்பு இருந்தால் அதே பிடியில் கட்டாயம் இறக்கியே தீர வேண்டும் என்கிறார் ஆத்தா. அவருடைய ஆயா வீட்டில், ஆத்தங்குடியில், அப்படித்தான் ஆடுவார்களாம். இதைத் திருத்தினால் உட்காருவதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார். எது சரி?

பதிவு 9: புதுவயல் கணக்கு வாத்தியார்

உங்கள் தாயார் சொல்வதே சரியான ஒழுங்கு என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைச் சொல்கிறேன். துருப்பு கவிழ்ந்திருக்கும் வரை, அது எந்த இனம் என்ற செய்தி, கேள்வி கேட்டவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. தன் எதிர்க்கைக்குக்கூடத் தெரியாமல் ஆடுவதுதான் 28-இன் உயிர்நாடி. அந்தச் செய்தியை உடைப்பதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். பார்த்தால் இறக்க வேண்டும் என்பதே விலை. அது இல்லாவிட்டால் இனம் தீர்ந்த முதல் ஆள் செலவில்லாமல் துருப்பைத் தெரிந்துகொள்வார், கேட்டவரின் ரகசியம் இரண்டாவது பிடியிலேயே போய்விடும், அடுத்த ஆறு பிடிகளும் திறந்த கணக்காகிவிடும்.

பதிவு 10: கொத்தமங்கலத்தான்

வாத்தியார் ஐயா மேல் மதிப்பு உண்டு, ஆனாலும் மறுக்கிறேன். எங்கள் வீட்டிலும் கட்டாயம் கிடையாது. கட்டாயம் வைத்தால், கையில் ஒரே துருப்பாக ஜாக்கியோ ஒன்பதோ வைத்திருப்பவர் துருப்பைத் திறக்கச் சொல்லவே அஞ்சுவார். நல்ல சீட்டு வைத்திருப்பவரைத் தண்டிக்கும் ஒழுங்கு எப்படி நல்ல ஒழுங்காகும்? விரும்பினால் வெட்டலாம் என்பதில் ஆட்டக்காரரின் முடிவுக்கு மதிப்பு இருக்கிறது. தலைமுறைகளாக ஒரு வீட்டில் ஆடிவந்த முறையை மாற்றுவது அந்த வீட்டின் ஆட்டத்தையே மாற்றுவதாகும்.

பதிவு 11: புதுவயல் கணக்கு வாத்தியார்

கொத்தமங்கலத்து அன்பரே, அஞ்சட்டும் என்பதுதான் என் வாதம். ஒன்பதை வைத்துக்கொண்டு கேட்கலாமா வேண்டாமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்தக் கணத்துக்காகத்தான் மனிதர்கள் கல்யாண வீட்டில் மேங்கோப்பை விட்டு இறங்க மறுக்கிறார்கள். அந்தக் கணத்தை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

பதிவு 12: தேவகோட்டை ஆச்சி

ஒழுங்கு எதுவானாலும் வீட்டுக்காரர்கள் முடிவு செய்யட்டும். முதல் காரணத்துக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். பிள்ளையார் நோன்பு வருகிறது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் பொழுதில், வீட்டுக்குப் பெரியவர் கையால்தான் எல்லோரும் இழை, அதாவது மாவில் நூல்திரி வைத்து ஏற்றியதை, எடுத்துக்கொள்கிறோம். மாமனார் எதிரே மருமகள் நின்று, எரியும் இழையை அவர் கையிலிருந்து வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொள்வதை நாம் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. அன்றைக்கு இழை எடுத்து முடித்த கையோடு, உங்கள் ஐயாவே தன் வாயால், என் எதிரே உட்கார் ஆத்தா என்று சொல்லட்டும். பெரியவர் சொல்லி உட்காருவதில் குறை ஏதும் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்ததுதானே நமக்கு ஒரு புள்ளி, மருமகளும் அந்த வீட்டுப் புள்ளியில் பாதிதானே.

காப்பியை அன்று தம்பி போடட்டும்.

பதிவு 13: பள்ளத்தூர் தகப்பன்

ஆச்சி சொன்னது அருமை. நோன்பு முடிந்ததும் என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுதுங்கள். என் மகனிடமும் இதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பதிவு 14: கானாடுகாத்தான் பேரன்

நோன்பு முடிந்து நேற்றிரவு சென்னை திரும்பினேன். விரிவாக எழுதுகிறேன், பொறுத்துப் படிக்க வேண்டும்.

இழை எடுத்துக்கொண்ட பிறகு ஐயாவே ஜமக்காளத்தை எடுத்து வரச் சொன்னார். மைத்துனர் உட்காரும் இடத்தில், ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சிவப்புப் பூக்கட்டம் தேய்ந்து வெளிறியிருக்கும். அதைக் கையால் தட்டிக் காட்டி, ஆச்சி எழுதியபடியே சொன்னார். ஆத்தா உடனே உட்காரவில்லை. ஒழுங்கு என்ன ஆயிற்று என்று நிலைக்கதவில் நின்றபடியே கேட்டார். வாத்தியார் ஐயாவின் பதிவையும் கொத்தமங்கலத்து அன்பரின் பதிவையும் நான் நான்கு பேருக்கும் படித்துக் காட்டினேன். பெரியப்பச்சி கொத்தமங்கலத்தார் பக்கம். பங்காளி ஐயா எதுவும் சொல்லவில்லை. ஐயா நெடுநேரம் யோசித்து, தன் மைத்துனர் 1980-களிலேயே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நான்தான் கேட்கவில்லை என்றார். திறக்கச் சொன்னவர் இறக்க வேண்டும் என்று அன்றே ஒழுங்கு மாறியது. ஆத்தா சேலையை ஒதுக்கிக்கொண்டு பூக்கட்டத்தின் மேல் உட்கார்ந்தார். நான் காப்பி போட்டேன், நான்கு முறை. ஆச்சி சொன்ன தூரத்தை நடந்து பார்த்தேன், எங்கள் வீட்டில் இன்னும் அதிகம்.

முதல் மூன்று ஆட்டத்தில் ஆத்தாவுக்குக் கை நடுங்கியது. சீட்டுகளை விசிறியாகப் பிடிக்க வரவில்லை. 38 ஆண்டு பார்த்தவரின் விரல்களுக்குச் சீட்டைத் தொட்ட பழக்கம் இல்லை என்பதை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஐயாவின் கட்சி தோற்றது.

நான்காவது ஆட்டத்தை முழுமையாகச் சொல்கிறேன். அப்போது நான் பங்காளி ஐயாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஐயா 20 கேட்டு ஒரு சீட்டைக் கவிழ்த்தார். மூன்றாவது பிடியில் ஆத்தா டைமன் இறக்கினார். அடுத்த கை பெரியப்பச்சி, அவரிடம் டைமன் இல்லை. சிறிது தயங்கிவிட்டு, துருப்பைத் திற என்றார். கிளாவர். பழைய ஒழுங்காக இருந்தால் பார்த்துவிட்டு ஒன்றுக்கும் ஆகாத சீட்டைக் கழித்திருப்பார். புதிய ஒழுங்கின்படி, கையிலிருந்த ஒரே துருப்பான கிளாவர் ஒன்பதை இறக்க வேண்டியதாயிற்று. அடுத்து ஐயா. அவரிடமும் டைமன் இல்லை. கிளாவர் ஜாக்கியை மெதுவாக அதன் மேல் வைத்தார். பெரியப்பச்சி ஆத்தாவை நிமிர்ந்து பார்த்து, உன் ஒழுங்குக்கு நான்தான் முதல் பலி என்றார். ஐயா வாய்விட்டுச் சிரித்தார். ஆடி மாதத்துக்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை.

ஆறு பிடி முடிந்தபோது ஐயா கட்சிக்கு 18 வந்திருந்தது. இன்னும் இரண்டு வேண்டும். ஏழாவது பிடியில் பெரியப்பச்சி ஆட்டின் ஆஸை இறக்கினார். ஐயா ஆட்டின் ராணி போட்டார். அடுத்தது பங்காளி ஐயா. அவர் கையில் இரண்டே சீட்டு, இஸ்பேட் பத்தும் இஸ்பேட் ஏழும். எனக்கு இரண்டும் தெரிந்தன. தன் கட்சியின் ஆஸ் வெல்லும் பிடியில் புள்ளியுள்ள பத்தைச் சேர்ப்பதுதான் முறையான ஆட்டம். ஆனால் அடுத்து இறக்க வேண்டிய ஆத்தாவின் கையில் மீதமிருந்த இரண்டு சீட்டில் ஒன்றின் பின்புறம் மஞ்சள். அது கிளாவர் எட்டு, துருப்பு. ஆத்தா வெட்டப்போகிறார் என்பது அந்த ஜமக்காளத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பங்காளி ஐயா ஏழைப் போட்டுப் பத்தை வைத்துக்கொண்டால், கடைசிப் பிடியில் அந்தப் பத்து அவருக்கே நிற்கும், ஐயா 19-இல் நின்று தோற்பார்.

பங்காளி ஐயா ஆத்தாவின் கையை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் சீட்டைப் பார்த்தார். இஸ்பேட் பத்தை எடுத்து ஆஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆத்தா கிளாவர் எட்டால் வெட்டினார். கடைசியாக இஸ்பேட் ராஜாவை இறக்கினார், ஏழு அதற்கு அடியில் விழுந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயா கணக்குச் சிட்டையை வாங்கி, பிள்ளையார் சுழி போட்ட பக்கத்தில், வரவு 2 என்று எழுதினார். அவர் பெயருக்குப் பக்கத்தில் மைத்துனரின் பெயர் இருக்கும் இடத்தில் ஆத்தாவின் பெயரை எழுதி, சீட்டுகளைக் கலைத்துப் பங்காளி ஐயாவிடம் வெட்டுவதற்கு நீட்டினார்.

இப்போது தினமும் நான்கு மணிக்கு ஆட்டம் நடக்கிறது. நேற்று ஆத்தா 22 கேட்டாராம், தொலைபேசியில் ஐயாதான் சொன்னார். மாசிச் சிவராத்திரிக்கு இரவு முழுவதும் ஆடுவதாகத் திட்டம். தேவகோட்டை ஆச்சி அவர்கள் வர வேண்டும் என்று ஆத்தா கேட்கச் சொன்னார், அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கட்டோடு.